இரவில் பாதியில் நின்றுவிடும் சார்ஜிங்: ப்ளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் ப்ளக்-இன் ஹைப்ரிட் கார் (செருகி சார்ஜ் ஏற்றலாம், பெட்ரோலிலும் ஓடும்) இரவில் முழுதாக சார்ஜ் ஆவதே இல்லை. மூன்று வாரமாக இதே கதை.

2019 மாடல் செடான், இரண்டாம் கையாக வாங்கியது. பேட்டரி 12 கிலோவாட் மணி, சார்ஜ் எடுப்பது அதிகபட்சம் 3.7 கிலோவாட். சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் புளோக் கார்ப்பார்க்கில், டைப் 2 (ஏசி மின்சாரம் தரும் வகை) சார்ஜரில் இரவு 8 மணிக்குச் செருகுவேன். 9 மணிவாக்கில் நின்றுவிடும். காலையில் பார்த்தால் 40 சதவீதம்கூட இருக்காது.

பக்கத்து சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், அதேதான். காரில் டைமரை அணைத்தாயிற்று. பட்டறையில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று சொல்லி 80 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறு மதியம் அதே சார்ஜரில் போட்டால் 100 வரை ஏறுகிறது! இரவில் நின்ற பிறகு கழற்றிச் செருகினாலும் மறுபடி ஓடும். ஆனால் தினமும் யார் இறங்கிப் போவது?

என் சந்தேகம் இதுதான்: இரவில் நிறைய கார்கள் சேரும்போது சார்ஜர்கள் மின்சாரத்தைப் பங்கு போடுகின்றன. டைப் 2-வில் ஒரு காருக்குக் கிடைக்கும் மின்னோட்டம் 6 ஆம்பியருக்குக் கீழே போனால் சார்ஜிங் இடைநிறுத்தம் ஆகும். அந்த நேரத்தில் என் கார் தூங்கிவிட்டு எழுந்திருப்பதில்லை போலிருக்கிறது.

அப்புறம் வேலைக்குப் பெட்ரோலில்தான் போகிறேன். ஒரு லிட்டர் எரித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. இதற்கா ப்ளக்-இன் வாங்கினேன்?

இடைநிறுத்தத்துக்குப் பிறகு கார் தானாக மறுபடி சார்ஜ் ஏற்ற, காரில் ஏதாவது செட்டிங் அல்லது மென்பொருள் அப்டேட் செய்து சரிப்படுத்தியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?