கல்லணை டூ கும்பகோணம், காவிரிக் கரையோரமா ஒரு நாள்

கரைதேடி:
அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டிடுச்சு. கல்லணையில ஆரம்பிச்சு கும்பகோணம் வரை காவிரியை ஒட்டியே கார்ல வரணும். ஆத்துல தண்ணி ஓடணும், அதுதான் முக்கியம். ஆவணியில வரலாமா? படகு உண்டா?

குடந்தைவாசி:
ஆவணி நல்ல மாசம். ஆனா மேட்டூர் நிரம்பிடுச்சுன்னு மட்டும் பார்த்துக் கிளம்பாதீங்க. கல்லணையில திறக்குற தண்ணியைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பேப்பர்ல தனித்தனியா கன அடியில போடுவாங்க. காவிரிக் கணக்கைப் பாருங்க. தட்டுப்பாடுன்னா முறை வச்சு, சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாத்துக்குன்னு மாத்தி மாத்தி விடுவாங்க. வெண்ணாத்து முறையில வந்தா கும்பகோணத்துல மணலைத்தான் பார்க்கணும். வெள்ளம்னாலும் உபரி கொள்ளிடத்துக்குத்தான். டிவியில அது கரை புரளும், காவிரி அளவாத்தான் ஓடும்.

படகை மறந்துடுங்க. இது பாசன ஆறு, குறுக்க ரெகுலேட்டர் (ஷட்டர் வச்ச தடுப்பு) இருக்கு.

வடவாத்தான்:
காலை எட்டுக்கே கல்லணை. மேல தெரியுற பாலமும் ஷட்டரும் பிற்காலத்து வேலை, கரிகாலன் போட்ட கல் அடியில இருக்கு. அப்புறம் தோகூர், திருக்காட்டுப்பள்ளி (குடமுருட்டி பிரியுற இடம்), கண்டியூர். அங்க இடப்பக்கம் திரும்பி குடமுருட்டி, காவிரி பாலங்களைத் தாண்டினா திருவையாறு. பன்னெண்டுக்குள்ள ஐயாறப்பரைப் பார்த்துடுங்க, நடை சாத்தினா நாலு மணிதான். தியாகராஜர் சமாதி ஆத்தங்கரையிலயே இருக்கு. சாப்பாடு, அசோகா (பாசிப்பருப்பு அல்வா) எல்லாம் அங்கயே முடிச்சுக்கலாம்.

அடுத்து பாபநாசம் ரோட்டுக்குப் போயிடாதீங்க, மேப் அதைத்தான் காட்டும். வடகரையில திருப்பழனம், கபிஸ்தலம் வழியா வாங்க. ரோடு குறுகல்தான், ஆனா வந்த காரியமே ஆத்தை ஒட்டிப் போகத்தானே.

கரைதேடி:
பெரியவங்க படித்துறையில இறங்கலாமா?

குடந்தைவாசி:
திருவையாத்துல புஷ்ய மண்டபப் படித்துறையில மேலயே உட்காரலாம். அமாவாசை மட்டும் வேண்டாம், தர்ப்பணக் கூட்டம். கும்பகோணத்துல சாயங்காலம் சக்கரப் படித்துறை; சக்கரபாணி கோயிலும் பக்கம்தான். தண்ணி வடிஞ்ச படியில கால் வைக்க விடாதீங்க. வெயில்ல காய்ஞ்ச மாதிரி தெரியும், பாசி வழுக்கும். கால் நனைக்கணும்னா சொம்புல மொண்டு மேல் படியில ஊத்திக்கட்டும். ஷட்டருக்குக் கீழ்ப்பக்கம் யாருமே இறங்கக் கூடாது, சுழல் இருக்கும்.

வடவாத்தான்:
ஆடி பதினெட்டுக்கு வர்றதா இருந்தா இந்தத் திட்டமே வேற. கல்லணைப் பக்கம் வண்டி நகராது.