நம் குடும்பம், டர்பன்

சின்ன மாமா: 📷 சாட்ஸ்வொர்த் பக்கம் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் எடுத்தது. கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரிகிறது. எல்லாம் லாரிகள் ஏற்றுகிற பாரத்தால்தான்!

பெரிய அக்கா: பாரத்துக்கும் பங்கு உண்டு மாமா, வெடிப்பைப் பெரிதாக்கும். ஆனால் கம்பியை ஒட்டிப் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அந்த நெருக்குதலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது.

அத்தை: உள்ளே புதைந்த கம்பி எப்படியம்மா துருப்பிடிக்கும்?

பெரிய அக்கா: நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம் அத்தை, அதை அளக்கும் பி.எச். எண் 12க்கு மேல். அது கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்றின் உப்பு நீரோடு உள்ளே இறங்கினால் அந்தப் படலம் அறுந்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் மெல்லக் காரத்தைக் குறைக்கும். குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அங்கே தளம் மேலிருந்தே கெடும். நமக்குக் கடலே போதும்.

தம்பி (கேப் டவுன்): அக்கா, இங்கே ஒரு பாலத்தில் வலை பின்னியதுபோல் வெடிப்பு. இதுவும் துருவா?

பெரிய அக்கா: வேறாக இருக்கலாம். உங்கள் பக்கத்து மால்ம்ஸ்பரி பாறை ஜல்லியில் உள்ள சிலிக்கா, சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து பசைபோல் ஆகும். அது நீரை உறிஞ்சி வீங்கும். துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சின்ன மாமா: சரி, கம்பி தெரியும் இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

பெரிய அக்கா: அதுதான் கூடவே கூடாது மாமா! எனக்குக் கோபம் வருவதே இதில்தான். உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டை விட்டுவிட்டுப் பூசினால், பூச்சின் ஓரத்திலேயே புதிதாகத் துரு தொடங்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் இடத்தை எல்லாம் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுக்க வேண்டும். அதோடு, மேலே நீர் தேங்குவதையும் நிறுத்த வேண்டும்.

தாத்தா: பாலத்தின் மேலே, தளத் துண்டுகள் சேரும் இணைப்பில் அத்திச்செடி முளைத்திருக்கிறது. மழைநீர் போகும் துளையில் மண் அடைத்துக் கிடக்கிறது. தினமும் நடக்கும்போது பார்க்கிறேன்.

பெரிய அக்கா: தாத்தா, அந்த இணைப்பு வழியாகத்தான் நீர் கீழே கசிகிறது. நாளை அதையும் துளையையும் மேலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். மாமாவின் படத்தோடு சேர்த்துப் புகார் எழுதுகிறேன். மாமா, அதன் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

சின்ன மாமா: வண்டியை இப்போதே எடுத்துவிடுகிறேன்.