புராஜெக்ட் குளோஷர்: ‘திட்ட முடித்துவைப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நிறுவன மாற்றத் திட்டங்களில் வரும் ‘குளோஷர்’, அதாவது ஒரு திட்டத்தை முறைப்படி முடிப்பது, என்பதற்கு ‘திட்ட மூடல்’, ‘திட்ட நிறைவு’ என இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. மூடல் என்றதும் ஆலை மூடல்தான் நினைவுக்கு வருகிறது. அறிவிப்புப் பலகையில் அதைப் படிக்கும் ஊழியர், வேலை போய்விட்டதோ என்று பதறுவார். நிறைவு நல்ல சொல்தான். ஆனால் ‘பணி நிறைவு’ ஏற்கெனவே ஓய்வு பெறுவதற்கு ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், பாதியில் கைவிட்ட திட்டத்தையும் முறைப்படி குளோஸ் செய்தாக வேண்டும். பிரின்ஸ் 2 என்ற திட்ட மேலாண்மை முறையில் இதற்கென்றே தனிச் செயல்முறை உண்டு. இடையில் நிறுத்தப்படும் திட்டமும் அதன் வழியாகத்தான் போகும். நிறையாத ஒன்றை நிறைவு என்று எப்படி எழுதுவது?

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் கணக்குகளைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றினார்கள். மென்பொருள் நன்றாகவே ஓடியது. ஆனால் பேரேடு இனி வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டு வருடம் ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதினோம். மாற்றக் குழு கலையவும் இல்லை, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, திட்டம் முடியவில்லை.

பொறுப்பில் உள்ளவர் அறிவித்து முடிப்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. சட்டப்பேரவைக் கூட்டத்தொடரை ஆளுநர் ‘முடித்து வைக்கிறார்’. நீதிமன்றம் வழக்கை ‘முடித்து வைக்கிறது’. அந்த ‘வை’ சேர்ந்ததுமே, தானாக முடியவில்லை, அதிகாரம் உள்ளவர் முடித்தார் என்பது விளங்கிவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘திட்ட முடித்துவைப்பு’.

‘முற்றுவிப்பு’ என்றும் யோசித்தேன். வினைமுற்றோடு உறவாடும் அழகான சொல். ஆனால் நோயும் முற்றும், சண்டையும் முற்றும். விட்டுவிட்டேன்.

அப்புறம், மீதி வேலைகளுக்கு ‘எச்சப் பட்டியல்’ என்று வைக்கலாம். ‘வினைபகை என்றிரண்டின் எச்சம்’ தீயின் மிச்சம் போலக் கெடுக்கும் என்கிறது குறள் (674). முடித்துவைப்பு அறிக்கையில் ஒவ்வோர் எச்சத்துக்கும் எதிரே, அதை ஏற்றுக்கொண்ட பிரிவின் பெயர் இருந்தாக வேண்டும்.

இலங்கை நண்பர்கள் புராஜெக்டைச் ‘செயற்றிட்டம்’ என்பீர்கள். ‘செயற்றிட்ட முடித்துவைப்பு’ வாய்க்கு நீளமாகிறதா? சொல்லுங்கள்.