மறு: போல்யேவுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்?

> பேசாம பள்ளத்தாக்குன்னே வச்சுட்டா என்ன, படிக்கிறவங்களுக்கு உடனே புரியுமே

புரியும்தான் ஐயா, ஆனா போல்யேங்கிற நிலவகையைப் பத்தி தப்பா புரியும். பள்ளத்தாக்குன்னா ஆறு அரிச்சு உண்டானது, ஒரு பக்கம் தண்ணி வெளிய போக வழி இருக்கும். டினாரிக் ஆல்ப்ஸ் மலைத்தொடர்ல, அதாவது ஸ்லொவேனியாவுல ஆரம்பிச்சு குரோவேஷியா, போஸ்னியா வழியா அல்பேனியா வரைக்கும் போகுதே அதுல, இருக்கிற போல்யே அப்படி இல்ல. சுத்தி மலை, நடுவுல தட்டையான தரை, அடியில சுண்ணாம்புக்கல் கரைஞ்சு கரைஞ்சு ஓட்டை விழுந்து கிடக்கு, அதனால ஆறு ஒரு ஓரத்துல ஊத்தா கிளம்பி வயல் நடுவுல ஓடி இன்னொரு ஓரத்துல பொந்துக்குள்ள எறங்கி காணாமப் போயிரும்.

சின்ன எடம்னு நினைச்சுராதீங்க, போஸ்னியாவோட லிவான்ஸ்கோ போல்யே சுமார் 400 சதுர கிலோமீட்டர், அங்க எறங்குற தண்ணி மலைக்கு அடியிலயே போய் குரோவேஷியா பக்கம் செட்டினா ஆத்துல சேருது. ஸ்லொவேனியாவுல செர்க்னிட்சா போல்யே இன்னும் வேடிக்கை. பொந்து குடிக்கிறதவிட தண்ணி அதிகமா வந்தா ஏரி, குறைஞ்சா வத்திப்போய் அதே எடத்துல புல்லறுக்கலாம். இத விளக்கி எழுதுனதுக்காகவே அந்தப் பகுதி அறிஞர் வல்வாசோரை 1687ல லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரா சேத்துக்கிச்சு.

போல்யேன்னே விட்டுடலாம்ங்கிறதுலயும் எனக்கு இஷ்டமில்ல. அந்த ஊர் விவசாயிக்கு அது வயல், வெளி, அவ்வளவுதான். செர்பிய புவியியலாளர் யோவான் ஸ்வியிச், கார்ஸ்ட்டைப் பத்தி, அதாவது இப்படி சுண்ணாம்புக்கல் கரைஞ்சு உண்டான நிலத்தைப் பத்தி, 1893ல ஜெர்மன்ல எழுதுன நூலுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி ஊர்ச்சொல் எல்லாம் உலகத்துக்கே கலைச்சொல்லா நிலைச்சுது. அப்ப நாமளும் "வெளி"ங்கிற சொல்லுல இருந்தே ஆரம்பிக்கலாமே, என் ஓட்டு "அடைவெளி"க்கு. இடைவெளின்னு அச்சுல மாறிடும்னு ஒருத்தர் பயப்படுறாரு, நியாயம்தான், ஆனா "மூடுவெளி"ன்னா மேல கூரை போட்ட மாதிரில்ல இருக்கு.

தண்ணி எறங்குற பொந்துக்கு, அங்க பொனோர்ங்கிறாங்க, "உறிஞ்சுகுழி" வேணவே வேணாம், வீட்டுக் கழிவுத்தண்ணிக்கு பஞ்சாயத்துல தோண்டுறாங்களே அதுக்கு அந்தப் பேரு ஏற்கனவே போயிருச்சு. இடிதாங்கி மாதிரி "நீர்விழுங்கி"ன்னு வச்சா நல்லா ஒட்டும்.

டோலினையும் இதுலயே இழுக்காதீங்க, அது வட்டமா இருக்கிற சின்னக் குழி, தனி இழையில பேசுவோம். அடைவெளிக்கு ஆட்சேபணை இருந்தா மாத்துச்சொல்லோட வாங்க, சும்மா நல்லால்லன்னு மட்டும் சொல்லாதீங்க.