பதில்: ‘டெம்பரன்ஸ்’ இயக்கத்துக்கு ‘மதுவிலக்கு’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நாம் தொகுக்கும் அமெரிக்க வரலாற்றுச் சொற்பட்டியலில், குடிப்பழக்கத்தை எதிர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பரவிய ‘டெம்பரன்ஸ் இயக்கம்’ என்பதற்கு நேரே ‘மதுவிலக்கு இயக்கம்’ என்று எழுதி முடித்துவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வரி அப்படியே அச்சேறினால், 1826இல் தனி மனிதரின் உறுதிமொழியாகத் தொடங்கியதும் 1851இல் மெய்ன் மாநிலத்தில் சட்டமானதும் ஒன்றுதான் என்று மாணவர்கள் படிப்பார்கள்.

> மதுவிலக்கு எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்று எதற்கு?

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல், ஐயா. மதுவிலக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சட்டம். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது அது; தமிழக அரசில் அந்தப் பெயரில் இன்றும் ஒரு துறை இருக்கிறது. கடையை மூடுவதும் சரக்கைப் பறிமுதல் செய்வதும் அரசின் வேலை. 1826இல் பாஸ்டனில் அமைந்த சங்கமோ தனி மனிதர்களிடம் போனது. இனிக் காய்ச்சி வடித்த சாராயத்தைத் தொடமாட்டேன் என்று உறுதிமொழித் தாளில் ஆளாளுக்குக் கையெழுத்திட்டார்கள். பீரும் ஒயினும் அப்போது அந்த உறுதிமொழிக்குள் வரவில்லை. 1836இல்தான் இத்தகைய சங்கங்களின் நாடளாவிய ஒன்றியம், மது எதுவானாலும் கூடாது என்ற நிலைக்கு வந்தது.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தைப் பாருங்கள். ஈரி கால்வாயால் வளர்ந்த மாவு ஆலை நகரம். 1830-31 குளிர்காலத்தில் கிறித்தவப் போதகர் சார்லஸ் ஃபின்னியின் எழுப்புதல் (சமய விழிப்பூட்டும்) கூட்டங்கள் அங்கே நடந்தபோது, மனம் மாறிய மளிகை வணிகர்கள் தங்கள் கிடங்கிலிருந்த சாராயப் பீப்பாய்களை நடைபாதைக்கு உருட்டி வந்து, கூட்டத்தின் கண்முன்னே உடைத்துக் கொட்டினார்கள். அதிகாரி யாரும் வரவில்லை. தம் சரக்கைத் தாமே அழித்தார்கள். இதற்கு மதுவிலக்கு என்று எப்படிப் பெயர் வைப்பது?

அந்நாளைய குடியின் அளவும் சாதாரணமானதல்ல. மேற்குப் பகுதியில் விளைந்த சோளத்தை மூட்டையாகச் சுமந்து வருவதைவிட விஸ்கியாகக் காய்ச்சி அனுப்புவதே கட்டுபடியானது, விஸ்கி மலிந்தது. 1830 வாக்கில் வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏழு காலன் தூய ஆல்கஹால் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கைவினைப் பட்டறைகளில் முற்பகலிலும் பிற்பகலிலும் வேலையை நிறுத்திவிட்டு முதலாளியும் கூலியாளும் சேர்ந்து குடிப்பது வழக்கமாக இருந்தது. மணியடித்து நேரப்படி வேலை வாங்கும் ஆலை வந்ததும் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. குடியை எதிர்த்ததில் முதலாளிகளுக்கு ஆதாயம் இருந்தது, உண்மைதான். ஆனால் இயக்கத்தை முதலாளிகளின் சூழ்ச்சியாக மட்டும் பார்ப்பவர்களுடன் நான் உடன்படமாட்டேன். 1840இல் பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் கூடிக் குடித்துவந்த ஆறு பேர் வாஷிங்டோனியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தையற்காரர், தச்சர், கொல்லர் என எல்லாரும் கைத்தொழிலாளிகள். அவர்களுடைய கூட்டங்களில் போதகர் பிரசங்கிப்பதில்லை; குடித்துக் கெட்டவரே எழுந்து தம் கதையைச் சொல்வார், கேட்டவர்கள் வந்து கையெழுத்திடுவார்கள். 1842இல் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தச் சங்கத்தினரிடையே பேசிய ஆபிரகாம் லிங்கன், முந்தைய சீர்திருத்தக்காரர்கள் குடிப்பவரையும் விற்பவரையும் வசைபாடியது பயன் தரவில்லை என்றும், நட்போடு எடுத்துச் சொல்வதே மனத்தைத் தொடும் என்றும் வாதிட்டார்.

ஆகவே என் பரிந்துரை ‘மது மறுப்பு இயக்கம்’. செய்தித்தாள் தமிழில் மறுப்பு என்றால் ‘அப்படி நடக்கவில்லை’ என்று சொல்வதாகிவிடாதா என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கிடைப்பதைத் தானே வேண்டாம் என்று ஒதுக்குவது அங்கே மறுத்தல். தடுப்பவர் எவரும் இல்லை. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. ‘கள்ளுண்ணாமை’ அதைவிட அழகான சொல். ஆனால் கள்ளைக் குறிக்கும் சொல் விஸ்கிக்கும் ரம்முக்கும் இழுபடாது.

‘நிதான இயக்கம்’ என்ற பரிந்துரையும் வந்தது. குடித்தவரை ‘நிதானத்தில் இல்லை’ என்று சொல்கிறோம், அந்த வகையில் வேர் சரி. இயக்கம் என்ற சொல்லோடு சேரும்போதோ, மெதுவாக நடக்கும் இயக்கம் என்றே படிப்பவருக்குத் தோன்றும்.

கலைச்சொல்லுக்குக் கிளைகள் பிறக்க வேண்டும். மது மறுப்பாளர், மது மறுப்புச் சங்கம், மது மறுப்பு உறுதிமொழி எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. 1836க்கு முந்தைய உறுதிமொழியைச் ‘சாராய மறுப்பு’ என்றும், பிந்தையதை ‘முழு மது மறுப்பு’ என்றும் பிரிக்கலாம். மெய்ன் மாநிலம் 1851இல் மது தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்ததே, அதற்குத்தான் ‘மதுவிலக்கு’. அந்தச் சட்டத்துக்காகப் போராடிய போர்ட்லாந்து மேயர் நீல் டோவை ‘மதுவிலக்காளர்’ என்று தயங்காமல் எழுதலாம். 1855இல் அதே நகரில் மக்கள் கலகம் செய்ய, துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருக்கும் தொலைவு இது. ஒரே சொல்லால் இரண்டையும் மூடக் கூடாது.

பெண்கள் பற்றிய குறிப்பையும் சொற்பட்டியலின் இந்தப் பதிவில் சேர்க்க வேண்டுகிறேன். 1852இல் ஆல்பனியில் நடந்த மது மறுப்புக் கூட்டத்தில், பின்னாளில் பெண் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோனி பேச எழுந்தபோது, பெண்கள் கேட்டுக் கற்கவே அழைக்கப்பட்டார்கள் என்று சொல்லி உட்கார வைக்கப் பார்த்தார்கள். அவர் வெளியேறினார், அதே ஆண்டில் நியூயார்க் மாநிலப் பெண்களுக்கென்று தனிச் சங்கம் அமைந்தது, எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதன் தலைவர். பெண்ணுரிமை பற்றிய பதிவிலிருந்து இதற்கு ஓர் இணைப்பும் தேவை.

இன்னும் முடிவாகாதது ‘மாரல் சுவேஷன்’, அதாவது சட்டத்தால் அல்லாமல் மனச்சான்றிடம் பேசி மாற்றும் வழி. அடிமை ஒழிப்பாளர் வில்லியம் லாயிட் கேரிசனின் வழியும் அதுவே என்பதால் இரு பதிவுகளுக்கும் பொதுவான சொல் வேண்டும். ‘அறவழி வற்புறுத்தல்’ என்பதில் வற்புறுத்தல் கடுமையாக ஒலிக்கிறது. ‘மனமாற்ற வழி’ என்று வைத்து, எதிரே ‘சட்ட வழி’ என்று நிறுத்தலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்