கேட்கீப்பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மோக்காவிலிருந்து:
மொரீஷியஸின் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தொடர்பியல் கோட்பாடுகள் பற்றிய பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளடக்கப் பகுப்பாய்வு, நேர்காணல், கள ஆய்வு என்று ஆய்வு முறைகளுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. கேட்கீப்பிங், அதாவது எதை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது, அந்த ஒன்றில்தான் நிற்கிறேன்.

உளவியலாளர் கர்ட் லெவின் இதை முதலில் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. கடையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் உணவு மேசைக்கு வரும் வழியில், எது உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது யார் என்று கேட்டார். செய்தித் துறைக்கு அதைக் கொண்டுவந்தவர் டேவிட் மானிங் வைட். 1950இல் வந்த அவருடைய ஆய்வில் ஒரு சிறு நகரப் பத்திரிகை ஆசிரியர், செய்தி நிறுவனங்கள் அனுப்பியதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளிவிடுகிறார். ஏன் தள்ளினேன் என்று தாளிலேயே எழுதியும் வைக்கிறார். இந்தச் செயலுக்கு ‘வாயிற்காப்பு’ போதுமா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
போதாது அம்மா. வாயில் காப்பவன் கதவருகே நிற்பவன், முடிவு உள்ளே இருப்பவருடையது. வைட்டின் ஆசிரியர் தானே முடிவெடுக்கிறார். நம் அகமரபில் இதற்குச் சொல் இருக்கிறது. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் பாணனை வாயிலாக, அதாவது தூதாக, அனுப்புவான். தோழி இசைந்தால் வாயில் நேர்தல், தள்ளினால் வாயில் மறுத்தல். செய்தியும் உண்டு, கொண்டுவருபவனும் உண்டு, தள்ளும் உரிமை உள்ள ஒருத்தியும் உண்டு. வேறென்ன வேண்டும்? தொல்காப்பியர் கற்பியலில் தோழி முதல் கண்டோர் வரை பன்னிரண்டு வாயில்களை அடுக்குகிறார். ‘வாயில்’ என்பதே ‘இல்வாய்’ முன்பின் மாறிய இலக்கணப்போலி. இல்லத்துக்கு வாய். வாய் பேசுவதற்கு உரியது. ஆகவே கதவைக் குறிக்கும் முன்பே இது தொடர்பியல் சொல் என்பேன்.

கத்ர் போர்னிலிருந்து:
ஐயா, இலக்கணப்போலி வரை சரி. அதற்கு மேல் போவதற்குச் சான்று இல்லை. என் வகுப்பில் இருப்பவர்கள் வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள். வாயில் என்றால் ‘லாபோர்த்’ என்று சொல்லிப் புரியவைத்துவிடலாம். வாயில் மறுத்தலுக்கு மருதத் திணை முழுவதையும் நடத்த வேண்டும். ‘செய்தித் தேர்வு’ என்று எளிதாகப் போடுங்கள்.

போர்ட் லூயியிலிருந்து:
தேர்வு என்றால் பிள்ளைகள் பரீட்சை என்றுதான் நினைப்பார்கள். அதோடு, எதை விடுவது என்பது மட்டுமா விஷயம்? எந்த வரிசையில் விடுவது என்பதும் சேர்ந்ததுதான். நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் இருந்தது. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி முன்னே வந்தது. தமிழை யாரும் நீக்கவில்லை, இடம்தான் மாறியது. அதற்கே எதிர்ப்பு எழுந்து நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
அந்த வலி எனக்கும் உண்டு ஐயா. ஆனால் வரிசை வேறு கோட்பாடு. ஊடகம் எதை முன்னே வைக்கிறதோ அதையே மக்கள் முக்கியம் என்று நினைப்பார்கள் என்பது அது. மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலை வைத்துச் செய்து 1972இல் வெளியிட்டார்கள். அதற்கு ‘நிகழ்ச்சிநிரல் அமைத்தல்’ இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் மாணவர்கள்தான் குழம்புவார்கள்.

போர்ட் லூயியிலிருந்து:
சரி, வரிசையை விட்டுவிடுகிறேன். காவலனுக்குச் சொந்த முடிவு இல்லை என்றீர்களே, அதை ஏற்க மாட்டேன். சிலம்பில் கண்ணகி வந்ததை அரசனிடம் சொல்லும் வாயிலோன், கொற்றவை அல்லள், காளி அல்லள், ஆனால் சினந்தவள் போலும் என்கிறான். அவன் கண்ணில் பட்ட உருவம்தான் அரசனுக்குப் போகிறது. வெறும் கதவு திறப்பவனா அவன்? என் வாக்கு வாயிற்காப்புக்கு.

கத்ர் போர்னிலிருந்து:
வாயிற்காப்பு என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியும்.

மோக்காவிலிருந்து:
அப்படியானால் வாயிற்காப்பு. நன்றி. செய்பவரை ‘வாயிலோன்’ என்று எழுதிவிடவா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
வாயில் மறுத்தலை நான் கைவிடவில்லை, அடிக்குறிப்பிலாவது சேருங்கள். வாயிலோன் வேண்டவே வேண்டாம். லெவின் பார்த்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்களை. ஆண்பால் விகுதி போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வாயிற்காப்பாளர் என்று எழுதுங்கள்.

கத்ர் போர்னிலிருந்து:
நீளமாக இருக்கிறதே ஐயா. வாயிலோர்?