போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்களைப் பார்க்க ஒரு பகல் போதுமா?

வைகைக்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக் காலத்து நண்பர்கள் நால்வர், அலுவலகப் பணியாக நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் செல்லவிருக்கிறோம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கென்று கிடைக்கிறது. சைமன்ஸ் டவுனை அடுத்த போல்டர்ஸ் கடற்கரையில், கூண்டுகளில் அல்லாமல் தம் இயல்பில் வாழும் பென்குயின்களை அன்று பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. காலையில் டேபிள் மலை, நண்பகலில் பென்குயின்கள், மாலையில் கேப் பாயின்ட் கடல்முனை என மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். இது நடக்கக்கூடியதுதானா? எந்த நேரத்தில் செல்வது நல்லது, அங்கே கடலில் இறங்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தென்முனைவாசி:
இந்த ஊரில் சில ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டேபிள் மலையை வேறொரு நாளின் மாலைக்கு ஒதுக்கிவிடுங்கள். நகரத்திலிருந்து சைமன்ஸ் டவுன் சுமார் 40 கிலோமீட்டர். மியூசன்பர்க், கால்க் பே வழியாகக் கடலை ஒட்டியே செல்லும் சாலை அது. காலையில் வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்றுவிட்டால், பேருந்துகளில் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன்பு நிம்மதியாகப் பார்க்கலாம்.

இந்த இடம் டேபிள் மலைத் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஃபாக்ஸி கடற்கரையின் மரப்பலகை நடைபாதை. பறவைகள் பெருந்திரளாகக் கூடியிருப்பது இங்கேதான், ஆனால் மணலில் கால் வைக்க அனுமதி இல்லை. மற்றொன்று, பெரிய கருங்கற் பாறைகளுக்கிடையே அமைந்த போல்டர்ஸ் குளியல் கடற்கரை. இங்கே நீங்கள் கடலில் இறங்கலாம்; நீர் குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் பாறைகள் அலைகளைத் தடுத்துவிடுவதால் அச்சமில்லை. முதல் வாயிலில் வாங்கும் சீட்டை எறிந்துவிடாதீர்கள், இரண்டாவது வாயிலில் அது தேவைப்படும்.

நவம்பர் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலான பறவைகள் இறகுதிர்க்கும் பருவம். பழைய இறகுகள் அனைத்தும் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் ஒருசேர உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. அதுவரை உடலில் நீர் புகாமல் காக்கும் மேலாடை இல்லாததால் பென்குயின் கடலில் இறங்க முடியாது. இறங்க முடியாததால் இரையும் கிடையாது. முன்னதாகத் தின்று சேர்த்துக்கொண்ட கொழுப்பைக் கொண்டே அது அந்த நாட்களைக் கடக்க வேண்டும். கிழிந்த பஞ்சுத் தலையணையைப் போல ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பறவையைக் கண்டால் நோயுற்றது என்று எண்ணி அருகில் சென்றுவிடாதீர்கள். அது அஞ்சி ஓடும் ஒவ்வொரு முறையும் சேமிப்பில் ஒரு பகுதி வீணாகிறது.

நெய்தல்:
மேலே சொன்னதன் முழுக் கனமும் விளங்க, இந்தப் பறவையின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் பத்து இலட்சத்துக்கும் மேல் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவு. 2024 அக்டோபரில் இவ்வினம் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. முட்டைகளைப் பல்லாண்டுகள் உணவுக்காக அள்ளிச் சென்றார்கள். காலங்காலமாகப் படிந்து இறுகியிருந்த எச்சத்தை, அதில் வளை தோண்டித்தான் இவை கூடமைக்கும் என்று தெரிந்தும், உரத்துக்காகச் சுரண்டி விற்றார்கள். வெட்டவெளியில் கிடந்த முட்டைகள் வெயிலுக்கும் கடற்புறாக்களுக்கும் இரையாயின. இன்றைய பெருந்துயரம் பசி. இவற்றின் உணவான மத்தியும் நெத்திலியும் சில இடங்களில் பெருவலைகளுக்குப் போய்விடுகின்றன, கடல்நிலை மாற்றத்தால் மீன்கூட்டங்களும் இடம்பெயர்ந்துவிட்டன. ஆறு முக்கிய வாழிடங்களைச் சுற்றி அத்தகைய மீன்பிடிப்பைப் பத்தாண்டுகளுக்குத் தடுக்கும் உடன்பாடு 2025 மார்ச் மாதத்தில்தான் நீதிமன்ற ஆணையாயிற்று.

போல்டர்ஸின் கதை இதற்கு நேர்மாறானது என்பதால்தான் எனக்கு அந்த இடத்தின் மீது தனிப் பற்று. 1982இல் வெறும் இரண்டு இணைகள் தாமாகவே வந்து குடியேறின; அதை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவில் வணிக மீன்பிடிப்பு குறைந்திருந்ததால் இரை கிடைத்தது, குடியிருப்பு சுமார் 3,000 பறவைகள் வரை பெருகியது. எனவே தொடாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள், படம் எடுப்பதற்காகக் குனிந்து முகத்தருகே செல்லாதீர்கள். அதன் அலகு கத்தரிக்கோலைப் போல் கூர்மையானது.

தென்முனைவாசி:
ஒன்றை விட்டுவிட்டேன். திரும்பும்போது வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நிழல் தேடி அங்கே வந்து படுத்துக்கொள்வது அவற்றின் வழக்கம்.

வைகைக்கரையான்:
சென்று வந்துவிட்டோம், இருவருக்கும் நன்றி. டேபிள் மலையை விட்டுவிட்டோம், கேப் பாயின்ட்டுக்கும் போகவில்லை, ஏனெனில் மதியம் வரை எங்களால் அந்த நடைபாதையை விட்டு நகரவே முடியவில்லை. முதலில் எங்களை நிறுத்தியது ஒலிதான். புதருக்குள்ளிருந்து ஒரு கழுதை கத்துவதாகவே நால்வரும் நினைத்தோம். பிறகுதான் கழுத்தை வானோக்கி நீட்டி, நெஞ்சு விம்ம விம்ம, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பறவை அப்படி அழைத்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். அதன் கண்ணுக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. வெயில் ஏற ஏற அது இன்னும் சிவந்தது. உடல் சூட்டைத் தணிப்பதற்காக அங்கே குருதி பாய்கிறது என்று அறிவிப்புப் பலகையில் படித்தோம்.

இறகுதிர்க்கும் பறவை ஒன்று எங்களுக்கு நான்கடி தொலைவில் நின்றது. முதுகில் புது இறகுகள் கருநீலமாகப் பளபளத்தன; வயிற்றில் மட்டும் பழைய பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கொத்துப் பிரிந்து நடைபாதைப் பலகைகளுக்கு இடையில் வந்து சிக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது ஓர் அடிகூட நகரவில்லை, நாங்களும்தான். புறப்படும்போது வண்டிக்கு அடியில் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பக்கத்து வண்டிக்கு அடியில் இரண்டு இருந்தன. அதன் உரிமையாளர் வரும் வரை காத்திருந்து, சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.